கொடுக்காமல் வைத்திருந்த கடிதம்

பாளையங்கோட்டை
மாட்டுப் பொங்கல்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது.  

நேற்று போனில் பொங்கல் வாழ்த்துச் சொன்னபோதே இதையும் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. பேச ஆரம்பித்தால் நீ குறுக்கே ஏதாவது சொல்வாய், நானும் பேச்சை மாற்றிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். இந்தக் கவருக்குள் இன்னொரு சின்னக் கவர் இருக்கிறது. மேலே உன் பெயர் மட்டும் இருக்கும். கையெழுத்தைப் பார்த்ததுமே யாருடையது என்று உனக்குத் தெரிந்துவிடும். கோபத்தில் கிழித்துவிடாதே. இப்போதே பிரிக்கவும் வேண்டாம். முதலில் நான் எழுதியிருப்பதைப் படி.

இரண்டு மாதமாக நான் ஒரு பெரிய புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறேன். அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதி ஜான் ஆடம்ஸும் மூன்றாவது ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்சனும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட கடிதங்களின் தொகுப்பு அது. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தினேன். அமெரிக்கச் சுதந்திரப் போர் என்றால் என் பிள்ளைகளுக்கு அது ஒரு ஐந்து மார்க் கேள்வி. இந்த இரண்டு பெயர்களையும் கரும்பலகையில் எத்தனையோ தடவை எழுதி அழித்திருக்கிறேன். அவர்களுக்குள் இப்படி ஒரு சிநேகம் இருந்ததும், அது முறிந்ததும், பிறகு ஒட்டியதும் இந்த வயதில்தான் எனக்குத் தெரியவந்தது. படிக்கப் படிக்க உன் ஞாபகம்தான். நீ மட்டுமல்ல, உன் பழைய சிநேகிதன் அவனும்.

ஆடம்ஸ் மாசசூசெட்ஸ்காரர். குள்ளம், பருமன், மனசில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடும் வக்கீல். ஜெஃபர்சன் அவரைவிட ஏழு வயது இளையவர், விர்ஜீனியாக்காரர். ஆறடிக்கு மேல் உயரம், சபையில் வாயே திறக்க மாட்டார், பேனாவை எடுத்தால் நிறுத்த மாட்டார். 1775-ல் பிலடெல்பியாவில் கூடிய காங்கிரஸில்தான் இருவரும் பழகினார்கள். அடுத்த வருஷம் சுதந்திரப் பிரகடனத்தை எழுத ஐந்து பேர் கொண்ட குழு போட்டபோது, ஜெஃபர்சன்தான் எழுத வேண்டும் என்று ஆடம்ஸ் நின்றார். எழுதி முடித்ததும் சபையில் அதை வரிக்கு வரி வெட்டினார்கள். எழுதியவர் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். அவருக்காக எழுந்து நின்று வாதாடியவர் ஆடம்ஸ்.

ஆனால் சிநேகம் முற்றியது அதற்குப் பிறகு, ஐரோப்பாவில். 1784-ல் ஜெஃபர்சன் பாரிசுக்கு வந்து சேர்ந்தார். மனைவி இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வந்த சில மாதங்களில், ஊரில் விட்டுவந்த கடைக்குட்டிப் பெண் கக்குவான் இருமலில் போய்விட்டாள் என்ற செய்தி வந்தது. அப்போது அவருக்குத் துணையாக இருந்தது பாரிசுக்குப் பக்கத்தில் ஒத்தேய் என்ற இடத்தில் இருந்த ஆடம்ஸின் வீடு. ஆடம்ஸின் மனைவி அபிகெயில் அந்த வீட்டைத் திறந்தே வைத்திருந்தாள். அவர்களுடைய பதினேழு வயதுப் பையன் ஜான் குவின்சி பாதி நேரம் ஜெஃபர்சன் பக்கத்திலேயே கிடப்பான். அவன் என் பிள்ளையா உங்கள் பிள்ளையா என்று எனக்கே தெரியவில்லை என்கிற மாதிரி ஆடம்ஸ் பல வருஷம் கழித்து எழுதினார். நம் அம்மா உங்கள் இருவருக்கும் ஒரே தட்டில் பிசைந்து உருட்டிக் கொடுத்தது எனக்கு அந்த இடத்தில் கண்முன் வந்தது.

1785-ல் ஆடம்ஸ் இங்கிலாந்துக்குத் தூதராக லண்டன் போனார். பிரான்சுக்குத் தூதராக ஜெஃபர்சன் பாரிசிலேயே தங்கினார். கடிதங்கள் அப்போதுதான் பெருகின. அவர்களுடைய நாடு புத்தம் புது நாடு. கஜானாவில் பணம் இல்லை, கடலில் போர்க்கப்பல் இல்லை. ஐரோப்பாவின் பெரிய அரண்மனைகளில் அந்த நாட்டுக்கென்று இருந்தது முக்கியமாக இந்த இரண்டு பேர். தபால் நிலையங்களில் கடிதங்களைப் பிரித்துப் படிப்பார்கள் என்று தெரியும். அதனால் ரகசியமான பகுதிகளைச் சங்கேத எண்களில் எழுதுவார்கள், அல்லது நம்பிக்கையான ஆள் யாராவது அந்தப் பக்கம் போகிறாரா என்று காத்திருந்து கையில் கொடுத்தனுப்புவார்கள்.

அந்தக் கடிதங்களில் என்ன இருக்கிறது என்று நினைக்கிறாய்? பிரஷ்யாவோடு ஒப்பந்தம், போர்ச்சுகலோடு பேச்சு, டச்சு வங்கிக்காரர்களுக்குக் கட்ட வேண்டிய வட்டி. அதற்கு நடுவே, ஜெஃபர்சனுக்கு லண்டனிலிருந்து சட்டைகள் வேண்டும், மேசை விரிப்பு வேண்டும். அபிகெயிலுக்குப் பாரிசிலிருந்து செருப்பு வேண்டும், சாப்பாட்டு மேசையில் வைக்கச் சின்னச் சின்னச் சிலைகள் வேண்டும். யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்ற கணக்கும் அங்கேயே வரும். ஒரு தேசத்தின் கடனையும் ஒரு ஜோடிச் செருப்பின் விலையையும் ஒரே கையால் எழுதினார்கள். முதலில் எனக்கு இது வேடிக்கையாகத் தெரிந்தது. பிறகுதான் புரிந்தது, பிற்காலத்தில் அவர்களைக் காப்பாற்றியது இதுதான் என்று. உன் ஊருக்கு அவன் பஸ் ஏறும்போதெல்லாம் ஏதாவது ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வருவானே, அவன் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் துண்டு விரித்து நீ படுத்தாயே, அது மாதிரி.

1786 மார்ச்சில் ஆடம்ஸ் கூப்பிட்டு ஜெஃபர்சன் லண்டன் போனார். திரிப்போலியின் தூதர் அப்துர் ரகுமான் அங்கே வந்திருந்தார். வட ஆப்பிரிக்கக் கடற்கரை அரசுகள் அந்தக் காலத்தில் வணிகக் கப்பல்களைப் பிடித்து, மாலுமிகளை அடிமைகளாக வைத்துக்கொண்டு மீட்புப் பணம் கேட்கும். முந்தின வருஷம்தான் அல்ஜியர்ஸ்காரர்கள் இரண்டு அமெரிக்கக் கப்பல்களைப் பிடித்து 21 பேரைச் சிறை வைத்திருந்தார்கள். நிரந்தர சமாதானத்துக்கு 30,000 கினி, பேசி முடித்துத் தரும் தனக்கு 3,000 கினி என்று தூதர் கேட்டார். அது திரிப்போலிக்கு மட்டும். அப்படிப்பட்ட நான்கு அரசுகளோடும் முடிக்க அமெரிக்கக் காங்கிரஸ் அவர்களுக்கு ஒதுக்கிய மொத்தத் தொகையே 80,000 டாலர்தான். போதவே போதாது.

பணம் கொடுத்து முடித்துக்கொள்வதா, கப்பற்படை கட்டிச் சண்டை போடுவதா? இருவரும் இதில் நேரெதிர். பணம் கொடுப்பதே சிக்கனம், சண்டையில் இறங்கினால் ஓயாமல் சண்டை போடத் தயாராக இருக்க வேண்டும், நம் மக்கள் அதற்குச் சம்மதிக்க மாட்டார்கள் என்றார் ஆடம்ஸ். சண்டைதான் நியாயம், கௌரவம், செலவும் குறைவு என்று ஒன்று, இரண்டு என்று எண் போட்டுக் காரணங்களை அடுக்கினார் ஜெஃபர்சன். அந்த ஜூலை மாதம் முழுக்க இதே தர்க்கம். ஒரு வரியில்கூட முகம் சுளிப்பு இல்லை. அடுத்த வருஷம் அமெரிக்காவின் புதிய அரசியல் சட்டம் வந்தபோதும் அப்படித்தான். ஒரே ஆள் கையில் அதிகாரம் குவிந்துவிடும் என்று ஜெஃபர்சனுக்குப் பயம். பணமும் பெயரும் உள்ள ஒரு சிலர் கையில் சிக்கிவிடும் என்று ஆடம்ஸுக்குப் பயம். இரண்டு பயங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். உங்கள் இருவருக்கும் எந்தக் காலத்தில் ஒரே கருத்து இருந்தது? ராத்திரி ஒரு மணி வரைக்கும் திண்ணையில் சண்டை போட்டுவிட்டு, காலையில் ஒன்றாகக் காப்பி குடிக்க வருவீர்கள். கருத்து வேறுபாடு உங்களைப் பிரித்தது என்று நீ சொல்லும்போதெல்லாம் நான் நம்பியதில்லை.

1786 ஏப்ரலில், ஜெஃபர்சன் லண்டனில் இருந்தபோது, இரண்டு பேரும் வண்டி பூட்டிக்கொண்டு இங்கிலாந்தின் தோட்டங்களைப் பார்க்கக் கிளம்பிப் போனார்கள். ஜெஃபர்சன் கையில் தோட்டக்கலைப் புத்தகம், ஒவ்வொரு தோட்டத்திலும் அதைப் பிரித்து ஒத்துப் பார்ப்பார். ஆடம்ஸுக்குப் போர் நடந்த இடங்களில்தான் கண். ஸ்ட்ராட்ஃபோர்டில் ஷேக்ஸ்பியர் உட்கார்ந்த நாற்காலி என்று ஒன்றைக் காட்டினார்கள். வருகிறவர்களெல்லாம் ஒரு சில்லு செதுக்கிக்கொள்வது அங்கே வழக்கமாம். இவர்களும் ஒரு சில்லை வெட்டி எடுத்துக்கொண்டார்கள். ஆடம்ஸின் நாட்குறிப்பில் இருக்கிறது.

அடுத்த வருஷம் ஜெஃபர்சனின் எட்டு வயதுப் பெண் பாலி, அட்லாண்டிக்கைக் கடந்து லண்டனில் வந்து இறங்கினாள். துணைக்கு வந்தவள் சாலி ஹெமிங்ஸ், பதினான்கு வயது, ஜெஃபர்சனின் அடிமைப் பெண். அபிகெயில் மூன்று வாரம் பாலியை மடியில் வைத்துத் தேற்றினாள். அப்பாவே வந்து கூட்டிப் போவார் என்று பார்த்தால், அவர் வேலையாளை அனுப்பினார். குழந்தை அபிகெயிலின் கழுத்தைக் கட்டிக்கொண்டு போக மாட்டேன் என்று அழுதாள். அபிகெயில் அந்த வருத்தத்தை மறைக்காமல் ஜெஃபர்சனுக்கு எழுதினாள்.

கடைசியாக 1788 மார்ச். ஆடம்ஸ் ஊர் திரும்பும் முன் விடைபெற ஹாலந்து வருகிறார் என்று கேள்விப்பட்டதும், ஜெஃபர்சன் பாரிசிலிருந்து அவசரமாகக் கிளம்பி ஓடினார். ஆடம்ஸ் போய்விட்டால் டச்சுக்காரர்களிடம் கடன் வாங்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. இருவரும் ஆம்ஸ்டர்டாம் போய், 10 லட்சம் கில்டர் கடனுக்கு ஏற்பாடு செய்து, நாட்டின் மானம் போகாமல் பார்த்துக்கொண்டார்கள்.

இப்படிப்பட்டவர்கள் எப்படிப் பிரிந்தார்கள்? 1791-ல் ஜெஃபர்சன் வெளியுறவு மந்திரி, ஆடம்ஸ் துணை ஜனாதிபதி. தாமஸ் பெய்ன் எழுதிய மனித உரிமைகள் பற்றிய புத்தகம் அமெரிக்காவில் அச்சாகவிருந்தது. பிரதியை அச்சகத்துக்கு அனுப்பும்போது ஜெஃபர்சன் ஒரு குறிப்பு வைத்தார். அண்மையில் கிளம்பியிருக்கும் தவறான அரசியல் கொள்கைகளுக்கு இது மறுப்பாக இருக்கும் என்கிற பொருளில் நாலு வரி. அச்சுக்காரர் கேட்காமல் கொள்ளாமல் அதைப் புத்தகத்தின் முகப்பிலேயே போட்டுவிட்டார். யாரைச் சொல்கிறார் என்று ஊருக்கே தெரிந்தது, ஆடம்ஸைத்தான். பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. ஜெஃபர்சன் விளக்கம் எழுதினார். ஆனால் அந்த விளக்கம் முழு உண்மையாக இல்லை. உங்களை நினைத்து எழுதவில்லை என்று ஆடம்ஸிடம் சொன்னார். அவரை நினைத்துத்தான் எழுதினேன் என்று ஜார்ஜ் வாஷிங்டனிடம் ஒப்புக்கொண்டிருந்தார்.

அந்தத் துண்டுப் பிரசுரத்தைப் பற்றி நீ என்னிடம் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? உங்கள் சங்கத் தேர்தலின்போது பெயர் போடாமல் வந்ததே, அதை அவன்தான் எழுதினான் என்று யாரோ சொல்லி நீ நம்பினாய். எழுதினானா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உனக்கும் தெரியாது. அதற்குப் பிறகு நீங்கள் இருவரும் நேராகப் பேசவே இல்லை. இரண்டு பக்கத்து ஆட்களும் கொண்டுவந்து கொடுத்ததைத்தான் கேட்டீர்கள்.

இனி நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன்.

1796 தேர்தலில் இருவரும் எதிரெதிரே நின்றார்கள். ஆடம்ஸுக்கு 71 வாக்கு, ஜெஃபர்சனுக்கு 68. அன்றைய சட்டப்படி இரண்டாவதாக வந்தவர் துணை ஜனாதிபதி. டிசம்பர் 28-ம் தேதி, முடிவு முறைப்படி அறிவிக்கப்படும் முன்பே, ஜெஃபர்சன் ஆடம்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். நீங்கள் ஜெயிப்பதையே நான் விரும்பினேன், நம்மை எதிரிகளாகக் காட்ட ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், நீங்கள் நாட்டைப் போரில் இறங்காமல் காத்தால் அந்தப் புகழ் முழுக்க உங்களுக்கே என்று மனம் விட்டு எழுதிய கடிதம். ஆனால் அதை நேராகத் தபாலில் போடவில்லை. தன் நெருங்கிய நண்பர் ஜேம்ஸ் மேடிசனுக்கு அனுப்பி, படித்துப் பார்த்து, கொடுக்கலாம் என்று தோன்றினால் கொடுங்கள், இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுங்கள் என்றார்.

மேடிசன் கொடுக்கவில்லை. வரிசையாகக் காரணங்கள் சொன்னார். ஆடம்ஸ் முன்கோபி, இதை எப்படி எடுத்துக்கொள்வாரோ. நாளைக்கு அவரை எதிர்க்க வேண்டி வந்தால், இவ்வளவு அன்பான கடிதம் அவர் கையில் இருப்பது நமக்கு இடைஞ்சல். எல்லாமே புத்திசாலித்தனமான காரணங்கள். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. நண்பனைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்தே செய்தார். மேடிசன் பின்னால் ஜனாதிபதி ஆனவர், அறிவில் யாருக்கும் குறைந்தவர் இல்லை. ஆனாலும் ஆடம்ஸ் படித்திருக்க வேண்டிய கடிதம் அவர் கைக்குப் போகவில்லை.

1797 மார்ச்சில், வாஷிங்டன் வீட்டில் விருந்து முடிந்து ஆடம்ஸும் ஜெஃபர்சனும் ஒன்றாக நடந்து வந்தார்கள். ஐந்தாம் தெருவில் பாதை பிரியும் இடத்தில் விடைபெற்றுக்கொண்டார்கள். அரசாங்க விஷயம் எதையும் அதன்பிறகு ஆடம்ஸ் தன்னிடம் கலந்து பேசவில்லை என்று ஜெஃபர்சன் எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கடிதம் ஆடம்ஸ் சட்டைப்பையில் இருந்திருந்தால் அந்தத் தெருமுனையில் அவர்கள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருப்பார்களா? யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பக்கத்தைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, பீரோவைத் திறந்தேன்.

தம்பி, அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து நீ ராத்திரி ரயிலுக்குப் போன பிறகு அவன் வந்தான். நீ போய்விட்டாய் என்று தெரிந்தேதான் வந்தான் என்று நினைக்கிறேன். அம்மா படத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான். கிளம்பும்போது இந்தக் கவரை என் கையில் கொடுத்து, “பார்த்துக் குடுங்கக்கா. வேண்டாம்னு பட்டா விட்டுருங்க” என்றான். அதற்கு மூன்று நாள் முன்னால்தான் நீ எல்லோர் முன்னாலும், அவன் இந்த வாசலை மிதிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தாய். அம்மா போன துக்கத்தில் இருக்கிறாய், இதைக் கொடுத்தால் படிக்காமலே கிழித்துவிடுவாய், அப்புறம் ஒட்டவே ஒட்டாது என்று எண்ணினேன். கொஞ்ச நாள் போகட்டும் என்று அம்மாவின் பட்டுப் புடவைக்கு அடியில் வைத்தேன். மாதம் போய் வருஷம் ஆனது. ஏன் இத்தனை நாள் தரவில்லை என்று கேட்பாயே என்ற கூச்சமும் சேர்ந்துகொண்டது. நாலு வருஷம். உள்ளே என்ன எழுதியிருக்கிறான் என்று நான் பார்க்கவில்லை. ஒட்டினபடியே இருக்கிறது.

அந்த இரண்டு பேர் கதை என்ன ஆனது என்று சொல்லிவிடுகிறேன். 1800 தேர்தலில் பத்திரிகைகள் இரண்டு பேரையும் கிழித்தன. ஆடம்ஸைத் தாறுமாறாக ஏசி எழுதிய காலண்டர் என்ற பத்திரிகைக்காரருக்கு ஜெஃபர்சன் பணம் கொடுத்திருந்தார். ஆடம்ஸின் ஆட்சியில் வந்த சட்டம் அதே ஆளைச் சிறையில் போட்டது. ஜெஃபர்சன் ஜெயித்தார். பதவியேற்பு நாளன்று விடிவதற்கு முன் நான்கு மணிக்கே வண்டி ஏறி ஆடம்ஸ் ஊருக்குப் போய்விட்டார். அந்தக் குளிர்காலத்தில்தான் அவர் ஒரு மகனைப் பறிகொடுத்திருந்தார். அந்த மார்ச்சில் இரண்டு சின்னக் கடிதங்கள். அதற்குப் பிறகு கிட்டத்தட்ட பதினொரு வருஷம் ஒருவருக்கொருவர் ஒரு வரி எழுதிக்கொள்ளவில்லை.

நடுவில் 1804-ல் பாலி பிரசவத்துக்குப் பிறகு இறந்துபோனாள். அன்றைக்குக் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுத குழந்தை. அபிகெயிலால் சும்மா இருக்க முடியவில்லை. கணவரிடம் சொல்லாமலே ஜெஃபர்சனுக்கு ஆறுதல் எழுதினாள். அவர் நெகிழ்ந்துபோய்ப் பதில் எழுதினார். ஆனால் அதிலேயே, ஆடம்ஸ் கடைசி நேரத்தில் செய்த நியமனங்கள் தன்னை வருத்தின என்று ஒரு வார்த்தை சேர்த்துவிட்டார். அவ்வளவுதான். அவள் காலண்டரை இழுத்தாள், அவர் விளக்கம் சொன்னார், ஏழு கடிதங்களில் பேச்சு முடிந்துபோனது. பழைய கணக்கை முதலில் தீர்த்துவிட்டுப் பிறகு சிநேகமாக இருக்கலாம் என்று நினைத்தார்கள். எனக்குத் தெரிந்து அது எங்கேயும் நடந்ததில்லை.

அதைச் சரி செய்தவர் பிலடெல்பியா டாக்டர் பெஞ்சமின் ரஷ். அவரும் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவர், இருவருக்கும் நண்பர். 1809 அக்டோபரில் ஆடம்ஸுக்கு ஒரு கனவை எழுதினார். ஆடம்ஸ் முதலில் ஒரு சின்னக் கடிதம் போடுகிறார், ஜெஃபர்சன் பதில் எழுதுகிறார், பல வருஷம் எழுதிக்கொள்கிறார்கள், கடைசியில் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இருவரும் மண்ணுக்குள் போகிறார்கள் என்று. ஆடம்ஸ் ரசித்தார், எழுதவில்லை. ரஷ் விடவில்லை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு வருஷத்துக்கு மேல் எழுதிக்கொண்டே இருந்தார். 1811-ல் விர்ஜீனியாவிலிருந்து வந்த இளைஞர்கள் இருவரிடம், நான் ஜெஃபர்சனை எப்போதும் நேசித்தவன், இப்போதும் நேசிக்கிறேன் என்று ஆடம்ஸ் சொன்னது ஜெஃபர்சன் காதுக்குப் போனது. எனக்கு இது போதும் என்று ஜெஃபர்சன் ரஷ்ஷுக்கு எழுதினார். ரஷ் அதை உடனே ஆடம்ஸிடம் சேர்த்தார். மேடிசனுக்கும் ரஷ்ஷுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தாயா? ஒருவர் வந்த அன்பைத் தன் கையிலேயே நிறுத்திவைத்தார். இன்னொருவர் காதில் விழுந்த அன்பைக்கூட அன்றைக்கே அனுப்பிவைத்தார்.

1812 ஜனவரி 1. ஆடம்ஸுக்கு வயது 76. தன் ஊரான குவின்சியிலிருந்து ஒரு சின்னக் கடிதம் எழுதினார். உங்கள் ஊரில் உள்நாட்டு உற்பத்தியை விரும்புவீர்களே, எங்கள் பக்கத்தில் நெய்த இரண்டு உருப்படிகளை அனுப்புகிறேன் என்றார். அவர் சொன்னது துணியை அல்ல, ஜான் குவின்சி எழுதி இரண்டு பாகமாக வந்திருந்த சொற்பொழிவு நூலை. கடிதம் முன்னால் போய்விட்டது, பொட்டலம் பின்தங்கிவிட்டது. ஜெஃபர்சன் துணி என்றே நம்பி, விர்ஜீனியாவில் வீட்டுக்கு வீடு நூற்பு எப்படி நடக்கிறது, எத்தனை ராட்டினம் ஓடுகிறது என்று விவரமாகப் பதில் எழுதினார். அதற்குப் பிறகு பழைய நாட்களை நினைத்து உருகினார். சண்டையைப் பற்றி இரண்டு பேரும் மூச்சு விடவில்லை. 1785-ல் செருப்பும் சட்டையும் வாங்கிக் கொடுத்துக்கொண்ட இடத்திலிருந்தே மறுபடி ஆரம்பித்தார்கள்.

பிறகு பதினான்கு வருஷத்தில் 158 கடிதங்கள். ஆடம்ஸ் 109, ஜெஃபர்சன் 49. யார் எத்தனை என்று ஆடம்ஸ் கணக்குப் பார்த்துக் கோபிக்கவில்லை. முன்பு உடைந்த மணிக்கட்டு ஜெஃபர்சனை எழுதவிடாமல் வலித்தது. ஆடம்ஸுக்குக் கண் மங்கி, கை நடுங்கி, பிறர் எழுதத் தான் சொல்ல வேண்டியதாயிற்று. கணவரின் ஒரு கடிதத்தில் ஓரத்தில் இடம் கிடைத்ததும், இதற்காகத்தான் காத்திருந்தேன் என்று அபிகெயில் இரண்டு வரி சேர்த்து எழுதினாள். அவள் 1818-ல் இறந்தபோது, தானும் அந்தத் துயரத்தை அனுபவித்தவன், காலமும் மௌனமும் தவிர மருந்து இல்லை என்று ஜெஃபர்சன் எழுதினார்.

தங்களை ஒருவருக்கொருவர் விளக்கிச் சொல்லிவிடாமல் சாகக் கூடாது என்று ஆடம்ஸ் ஆசைப்பட்டார். நிறையப் பேசினார்கள். கடற்படை பற்றிய பழைய தர்க்கம்கூட வந்தது. திரிப்போலிமேல் ஜெஃபர்சன் கப்பல்களை அனுப்பியது 1801-ல். அந்தக் கடற்படைக்குத் துறையே அமைத்தது ஆடம்ஸின் ஆட்சி. ஒருவர் விரும்பிய சண்டையை இன்னொருவர் கட்டிய கப்பல்கள் நடத்தின.

பேசாமல் விட்டதும் உண்டு. ஆடம்ஸ் வாழ்நாளில் அடிமை ஒருவரையும் வைத்துக்கொள்ளவில்லை. ஜெஃபர்சனிடம் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்ட அடிமைகள் இருந்தார்கள். லண்டன் வீட்டில் பாலியோடு நின்ற அந்தப் பதினான்கு வயதுப் பெண்ணின் அழுகையைப் பற்றி யாரும் எழுதி வைக்கவில்லை. இத்தனை கடிதங்களில் ஆடம்ஸ் அந்த விஷயத்தை அருகே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார். சிநேகம் ஒட்டிவிட்டது என்பதற்காக இது எனக்குக் குறையாகப் படாமல் போகவில்லை. நீங்கள் பேச ஆரம்பித்தால், ஒருநாள் கஷ்டமானதையும் பேசிவிடுங்கள்.

இந்தக் கதையைச் சொல்கிற எல்லோரும் இரண்டு பேரும் 1826 ஜூலை 4 அன்று, பிரகடனத்தின் ஐம்பதாம் ஆண்டு நாளில், சில மணி நேர இடைவெளியில் இறந்ததைச் சொல்லி முடிப்பார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது 1823-ல் நடந்தது. ஆடம்ஸ் கோபமாக இருந்த காலத்தில் ஜெஃபர்சனைப் பற்றி வேறொருவருக்கு எழுதிய கசப்பான கடிதங்களை அந்த ஆளின் மகன் அச்சிட்டுவிட்டான். ஆடம்ஸ் துடித்திருப்பார். ஜெஃபர்சனிடமிருந்து கடிதம் வந்தது. நம் வயதில், இத்தனை வருஷச் சிநேகத்தின் தலையணையில் யாரோ முள் வைக்கிறார்கள், அதை நான் பொருட்படுத்தப் போவதில்லை, நீங்களும் மனசில் வைக்காதீர்கள் என்று. காலைச் சாப்பாட்டு மேசையில் குடும்பம் முழுக்க உட்கார்ந்திருக்க, அதைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டார் ஆடம்ஸ். 1791-ல் அச்சான நாலு வரி அவர்களைப் பிரித்தது. 1823-ல் ஒரு புத்தகமே அச்சாகியும் பிரிக்க முடியவில்லை.

இவ்வளவுதான் தம்பி. இப்போது அந்தச் சின்னக் கவரைப் பிரி. படித்துவிட்டு என்ன செய்வதென்பது உன் இஷ்டம். எழுதுவதாக இருந்தால் துண்டுப் பிரசுரத்தைப் பற்றி முதல் கடிதத்தில் கேட்காதே. உன் வீட்டு மரத்து எலுமிச்சை அவனுக்குப் பிடிக்கும், நாலு பழம் அனுப்பு. ஊறுகாய்க்கு அவன் அம்மாவின் பக்குவம் என்ன என்று கேள்.

கவரின் ஓரம் பழுப்பேறியிருக்கும். அதற்கு நான்தான் காரணம். நீ பதில் போடாததற்கு நாலு வருஷமாக அவன் உன்னைத்தான் நொந்துகொண்டிருப்பான். கடிதம் உன் கைக்கே வரவில்லை, என் பீரோவில் இருந்தது என்று அவனுக்கும் இன்றைக்கு எழுதிவிட்டேன். இரண்டையும் ஒரே தபால் பெட்டியில் போடப் போகிறேன்.

உன் பிரியமுள்ள
அக்கா